தடை செய்யவில்லை, பிரதியைத்தான் குறைத்தோம்

அரசை விமர்சித்த வெளிநாட்டு இதழைச் சுங்கத்தில் முடக்குவது, பக்கத்தைக் கிழிப்பது, மை பூசுவது எல்லாம் பழைய பாணி. மறுநாளே அது உலகச் செய்தியாகி, படிக்காதவனும் தேடிப் படிப்பான். சிங்கப்பூர் 1986-லேயே இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றைச் செய்தது.

அந்த ஆண்டு செய்தித்தாள் மற்றும் அச்சகச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வெளிநாட்டு இதழ் 'உள்நாட்டு அரசியலில் ஈடுபடுகிறது' என்று அமைச்சர் அரசிதழில் அறிவித்தால் போதும், இத்தனை பிரதிக்கு மேல் விற்கக் கூடாது என்று வரம்பு வந்துவிடும். முதலில் மாட்டியது 'டைம்'. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயரத்தினம் பற்றிய கட்டுரையில் பிழைகள் இருப்பதாக அரசு மறுப்புக் கடிதம் அனுப்பியது. அதை வெட்டாமல் அப்படியே போட இதழ் மறுத்தது. சுமார் 18,000 பிரதி விற்றது முதலில் 9,000 ஆனது, பிறகு 2,000. 1987-ல் 'ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் 5,000-லிருந்து 400-க்கு இறங்கியது. அங்கேயும் தகராறு கடிதத்தில்தான்.

ஏன் முழுத் தடை போடவில்லை? இதழின் பிழைப்பு விளம்பரத்தில் இருக்கிறது. விளம்பரக் கட்டணம் விற்பனையைப் பொறுத்தது. 400 பிரதிக்காக எந்த வங்கியும் விமான நிறுவனமும் பக்கம் வாங்காது. ஆனால் நூலகத்தில் இதழ் கிடக்கும். "எங்கே தடை?" என்று அமைச்சர் கேட்கலாம்.

இதில் உச்சம் ஹாங்காங் இதழான 'ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவ்யூ' விஷயம். 1987 டிசம்பரில் 500 பிரதி வரம்பு வந்ததும், அதற்குப் பதில் ஒரு பிரதிகூட அனுப்பமாட்டோம் என்று இதழ் விற்பனையையே நிறுத்தியது. அரசு உடனே சட்டத்தைத் திருத்தியது: வரம்புக்குள்ளான இதழை, விளம்பரங்களை எடுத்துவிட்டு, இதழின் அனுமதி இல்லாமலே மறுபதிப்புச் செய்து விற்கலாம். கட்டுரை வாசகனுக்கு, வருமானம் யாருக்கும் இல்லை. எனக்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேண்டாம். பயம் கட்டுரைமேல் இருந்திருந்தால் அதை அச்சடித்து விற்க விடுவார்களா?

அரசு கேட்ட பதில் சொல்லும் உரிமை நியாயமானதுதான், எந்த நல்ல ஆசிரியரும் தருவார். சிக்கல் கடிதத்தை யார் திருத்துவது என்பதில். ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்றால் அந்தப் பக்கத்துக்கு ஆசிரியர் அமைச்சகம்தான்.

1990-ல் அடுத்த கட்டம். தென்கிழக்காசிய அரசியலை எழுதும் வெளிநாட்டு இதழுக்கு ஆண்டு அனுமதி, 2,00,000 சிங்கப்பூர் டாலர் வைப்புத்தொகை, வழக்கு வந்தால் அறிவிப்பைப் பெற உள்ளூரில் ஒரு பிரதிநிதி. பல இதழ்களுக்கு விலக்கு இருந்தது. 2006-ல் சிலவற்றின் விலக்கை ரத்து செய்தார்கள். அப்போது வைப்புத்தொகையும் பிரதிநிதியும் கொடுக்காததால் 'ரிவ்யூ'வின் அனுமதி போனது. நாட்டுக்குள் விநியோகிப்பதே குற்றமானது. கட்டுரைக்காக அல்ல, 'விதிமுறை மீறலுக்காக'. காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

இணையத்தில் பிரதியை எண்ண முடியாது என்பதால் 2019-ல் பொய்ச்செய்திச் சட்டம் வந்தது. அமைச்சர் உத்தரவிட்டால், அரசின் மறுப்பைத் தன் கட்டுரையோடு இதழே போட வேண்டும். 2024 டிசம்பரில் விலையுயர்ந்த பங்களா விற்பனைகள் பற்றிய கட்டுரைக்கு 'புளூம்பெர்க்' அந்த அறிவிப்பைப் போட்டது, உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே. 'டைம்' 1986-ல் கடிதத்தை மறுத்தபோது குறைந்தது பிரதிதான். இன்று மறுத்தால் அபராதம், சிறை வரை போகும்.