ஃபியூஸைப் பிடுங்கினா வாடகை வராது

நாகர்கோவில்ல ஒரு வீட்டு ஓனர், வாடகை தரலன்னு குடியிருந்தவங்களோட கரண்டை நிறுத்தின செய்தியைப் பார்த்திருப்பீங்க. வாடகை பாக்கி இருந்தது உண்மை. கொட்டுற மழையில, கைக்குழந்தை இருக்குற வீட்டுல ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுப் போனதும் உண்மை. எனக்கு ஆத்திரம் வந்தது அந்தச் செய்திக்குக் கீழ வந்த கமெண்ட்களைப் பார்த்து. "சரியான வேலை", "இவங்களுக்கு இதுதான் மருந்து"ன்னு எழுதினவங்கள்ல நிறைய பேர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கவங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

கரண்டை நிறுத்தின நிமிஷமே வழக்கு உங்களுக்கு எதிரா திரும்பிடும். தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கு. தண்ணி, கரண்ட், கழிவுநீர் வசதி எதையும் வீட்டு ஓனர் நிறுத்தக் கூடாதுன்னு அது நேரடியாவே சொல்லுது. குடியிருக்கவர் அந்தச் சட்டப்படி இருக்குற வாடகை அதிகாரிகிட்ட மனு குடுத்தா, உடனே திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு வரும். கரண்டை நிறுத்துற வரைக்கும் தப்பு பாக்கி வச்சவர் மேல. அதுக்கப்புறம் உங்க மேல.

"அப்போ வாடகை தராதவனைக் கும்பிட்டு வச்சிருக்கணுமா?" இல்லைங்க. ரெண்டு மாச வாடகை நின்னாலே வெளியேத்தச் சட்டத்துல வழி இருக்கு. எந்தெந்த மாசம், எவ்வளவு பாக்கின்னு எழுதி, ஒப்புகையோட தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. ஒரு மாசம் பொறுங்க. அதுக்குள்ள கட்டிட்டா உங்க பணம் வந்தாச்சு. கட்டலன்னா வாடகை நீதிமன்றம். ஆனா பாக்கியைக் காட்டி அங்க போகக் கையில பதிவு செஞ்ச ஒப்பந்தம் வேணும். நம்ம ஆட்கள் தோக்குறது இங்கதான்.

11 மாசம்னு முத்திரைத்தாள்ல எழுதி பீரோவுல வச்சா போதும்னு இன்னும் நம்புறீங்க. ஒரு வருஷத்துக்கு மேல போனாத்தான் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும்ங்கிறதுக்காக வந்த பழக்கம் அது. இப்போ 11 மாசமானாலும் அரசு இணையதளம் வழியா வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு எண் வாங்கணும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமா எடுக்கக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கு. ஃபியூஸைப் பிடுங்குற கைக்கு, சாவி குடுக்குற அன்னைக்கு ஒரு பதிவு போட முடியலையா?

"பதிஞ்சா வருமான வரிக்காரனுக்குத் தெரிஞ்சிடும்"னு ஒரு பயம். மாசம் 8,000 ரூபாய் வாடகைன்னா வருஷத்துக்கு 96,000. கட்டின வீட்டு வரியைக் கழிச்சு, மீதியிலயும் 30 சதவீதம் கழிவு உண்டு. வீட்டு வரியைக் கழிக்காம விட்டாக்கூட வரிக்கான வருமானமா கணக்குல வர்றது 67,200 ரூபாய். இதுக்காகவா வீட்டையே பணயம் வைக்கிறீங்க?

ஒத்திக்கு விட்டவங்களுக்கு ஒரே வார்த்தை: ஒத்தி அடமானம். ரெண்டு சாட்சியோட பதிவு செய்யலன்னா செல்லாது.

அடுத்தது அட்வான்ஸ். தனியா ஒத்துக்கிட்டு எழுதலன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பாக்கியைக் கழிச்சுத் திருப்பித் தரணும். பெயிண்ட் செலவுன்னு மொத்தத்தையும் பிடிக்கிறவங்க அந்தச் சுவரைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முடிஞ்சதும் தரையிலிருந்து ரெண்டடி உயரத்துக்குப் பொரிஞ்சு நிக்கும், விரல் வச்சா மாவா உதிரும். அஸ்திவாரத்துக்கு மேல ஈரத்தடுப்பு போடாத பழைய சுவர் மண்ணுலருந்து தண்ணியை இழுக்குது. குடியிருந்தவர் என்ன செய்வார்? அது மேல எமல்ஷன் பெயிண்ட் அடிச்சா ஈரம் வெளியேற வழியில்லாம அடுத்த மழைக்குத் தோலா உரியும். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா வெள்ளையடிப்பு, பைப் மாத்துறது, ஒயரிங் உங்க செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு அவங்க செலவு. சாவி குடுக்கும்போது ஒவ்வொரு ரூமையும் போட்டோ எடுத்து, மீட்டர் ரீடிங்கை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு மாச பில்லுக்கு நடுவுல காலி பண்ணும்போது அந்த எண் இல்லாமத்தான் சண்டையே வருது.

நான் வாடகைக்காரன் பக்கமாம். இன்பாக்ஸ்ல வந்து திட்டுறீங்க. பத்திரத்தைப் பத்திரமா வச்சுக்கோங்கன்னு சொன்னா உங்களுக்கு எதிரியா? மனசு வலிக்குதுங்க.

அதைவிட வலிக்கிறது குவைத்துலயும் துபாய்லயும் வெயில்ல நின்னு, நாலு செண்டுல வீடு கட்டி, சாவியை மச்சினன் கையில குடுத்துட்டுப் போனவங்களை நினைச்சா. அவர் வாய்வார்த்தையா வாடகைக்கு விடுறார். நாளைக்கு நோட்டீஸ் அனுப்பணும்னா உங்க சார்பா யார் கையெழுத்துப் போடுவா? தூதரகத்துல பவர் (உங்க சார்பா கையெழுத்துப் போட அதிகாரம் குடுக்குற பத்திரம்) எழுதி அனுப்புங்க. இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள அதுக்கு முத்திரைத் தீர்வை கட்டணும். வரிக் கணக்குல நீங்க வெளிநாட்டுவாசின்னா, வாடகையில வரி பிடிச்சுக் கட்ட வேண்டியது குடியிருக்கவர் பொறுப்பு. அது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அதையும் ஒப்பந்தத்துல ஒரு வரியா எழுதி, பவர் அனுப்புற கவர்லயே மச்சினனுக்கு அனுப்பி வைங்க.