ரெண்டு களைப்பும் ஒண்ணு இல்லங்க

எங்க அக்காவுக்கு சீப்பை எடுத்து தலை வார கை தூக்க முடியல. வேற ஒண்ணும் பண்ணல, டாக்டர் ஒருத்தர் "வேலை டென்ஷன்மா, பர்ன் அவுட், லீவு போட்டுட்டு தினம் வாக்கிங் போ"ன்னு சொன்னாராம், இவளும் பார்க்கை ரெண்டு ரவுண்டு சுத்திட்டு வந்தா, அன்னிக்கு நல்லாத்தான் இருந்தா, மறுநாள் எப்படியோ சமாளிச்சா, மூணாவது நாள் படுத்தவதான், எந்திரிக்க ரெண்டு வாரம் ஆச்சு.

இப்படி ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு வந்து அடிக்கிறதுதான் க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்ங்கிற நாள்பட்ட களைப்பு நோயோட அடையாளமே, அக்காவுக்கு இருக்கிறதும் அதுதான். பர்ன் அவுட் ஆனவன் கொஞ்சம் நடந்தா மனசு லேசாகும், இந்த நோய் இருக்கிறவங்க நடந்தா விழுந்துடுவாங்க.

எனக்கு அந்த டாக்டர் மேல கூட பெருசா கோவம் இல்ல. ஆராய்ச்சி பண்றவங்களே ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுத்தானே கட்டி வச்சிருக்காங்க. யாருக்கு இந்த நோய் இருக்குன்னு முடிவு பண்ண 1991ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு வரையறைல ஆறு மாசமா ஆளை முடக்கிப்போடுற களைப்புதான் முக்கியம், இந்த லேட்டா வர்ற அடி இருந்தே ஆகணும்னு இல்ல. 1994ல வந்த ஃபுகுடா வரையறை களைப்போட எட்டு அறிகுறில நாலு கேக்குது. தூங்கியும் தூங்கின மாதிரி இல்ல, தலைவலி, மறதி, உடம்பு வலி... ஐடில ரெண்டு சாஃப்ட்வேர் ரிலீஸ் பார்த்த எவனும் நாலுக்கும் டிக் போடுவான் (நான் போட்டுப் பார்த்தேன், நாலும் இருக்கு). ரெஸ்ட் எடுத்தாலும் போகக்கூடாதுன்னு அதுல ஒரு விதி இருக்குதான், ஆனா முத்திப்போன பர்ன் அவுட் மட்டும் சனி ஞாயிறு தூங்கினா போயிடுதா என்ன?

அந்தப் பக்கமும் இதே கதை. பர்ன் அவுட்டை அளக்குற மாஸ்லாக் கேள்வித்தாள்ல காலைல எந்திரிக்கும்போதே வேலையை நினைச்சா களைப்பா இருக்கான்னு ஒரு கேள்வி வருது, அக்கா அதுக்கு என்ன பதில் சொல்லுவா? இத்தனைக்கும் பர்ன் அவுட் நோயே இல்ல, வேலை சம்பந்தப்பட்ட விஷயம்னு உலக சுகாதார நிறுவனமே 2019ல சொல்லிடுச்சு.

இதுல நஷ்டம் யாருக்கு? 2011ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல இந்த நோய்க்கான சிகிச்சை பத்தி வந்த பேஸ் ஆய்வு, 641 பேர், ஆளெடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு வரையறைல, கொஞ்சம் கொஞ்சமா உடற்பயிற்சியைக் கூட்டினா குணம் தெரியுதுன்னு முடிவு. எந்த நோய்க்கு என்ன சிகிச்சைன்னு வழிகாட்டுற இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சியைக் கொடுக்காதீங்கன்னு சொல்றதுக்கு 2021 ஆயிடுச்சு. நடுவுல எத்தனை பேர் எங்க அக்கா மாதிரி பார்க்கை சுத்தினாங்களோ.

இப்பல்லாம் யாராவது இந்த நோய் பத்தி கட்டுரை அனுப்பினா முடிவைப் படிக்கறதில்ல, யாரைச் சேர்த்தாங்கன்னுதான் முதல்ல தேடுறேன். நேத்து ஒண்ணு வந்துச்சு, ஆக்ஸ்ஃபோர்டுதான். மூடி வச்சுட்டேன்.