பால் இல்லை மேடம், சீஸ்தான்

மேடம்: தம்பி, எனக்குப் பால் அலர்ஜி. இந்த சாலட்டில் பால் இருக்கிறதா?

சர்வர்: சாலட்டில் யாராவது பால் ஊற்றுவார்களா மேடம்? முழுக்க இலைதான்.

மேடம்: இலை மேல் வெள்ளையாகத் தூவியிருக்கிறதே?

சர்வர்: அது பால் இல்லை மேடம், சீஸ்.

மேடம்: சீஸ் எதிலிருந்து வருகிறது?

சர்வர்: ஃப்ரிட்ஜிலிருந்து.

மேடம்: சரி. மேலே ஊற்றியிருப்பது?

சர்வர்: அதுவும் பால் இல்லை. தயிர்.

மேடம்: இந்த வறுத்த ரொட்டித் துண்டு?

சர்வர்: வெண்ணெயில் புரட்டியது. பால் ஒரு சொட்டு கிடையாது.

மேடம்: பாலைத் தவிர மாடு தருகிற எல்லாவற்றையும் போட்டுவிட்டீர்கள்.

சர்வர்: மயோனைஸை மட்டும் தொடவே இல்லை மேடம். வெள்ளையாக இருக்கிறதே என்று நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

மேடம்: முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்தால் அதில் பாலே கிடையாது! அதை மட்டும் பார்த்து நிறுத்தினீர்களா?

சர்வர்: லாக்டோஸ் இல்லாத சீஸ் போடட்டுமா?

மேடம்: லாக்டோஸ் சர்க்கரை, தம்பி. அது செரிக்காதவருக்கு வயிறு உப்பும். எனக்கு ஆகாதது பாலில் இருக்கும் புரதம். லாக்டோஸ் போனாலும் கேசீன் என்கிற புரதம் அங்கேயேதான் இருக்கும்.

சர்வர்: அப்போ ஆட்டுப்பால் சீஸ்? ஆடு வேறு, மாடு வேறு.

மேடம்: உங்கள் கண்ணுக்கு வேறு. புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

(சர்வர் தட்டோடு உள்ளே போய், அதே தட்டோடு வருகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.)

சர்வர்: சீஸையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேன் மேடம்.

மேடம்: கேரட் துருவலுக்கு அடியில் ஒன்று எட்டிப் பார்க்கிறதே?

சர்வர்: அது சின்னது.

மேடம்: போன தடவையும் சின்னதுதான். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, தொடையில் அலர்ஜிக்கான அவசர மருந்து எபிநெஃப்ரின் ஊசி குத்திக்கொண்டு ஆம்புலன்ஸில் போனேன். பிடிக்காது என்றாலும் பொறுக்கித் தருகிறீர்கள், சேராது என்றாலும் பொறுக்கித் தருகிறீர்கள். பிடிக்காதவர் முகம் சுளிப்பார். எனக்கு மூச்சு நிற்கும்.

சர்வர்: (தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு) புதிதாகவே செய்யச் சொல்கிறேன் மேடம். கழுவின கிண்ணம், வேறு இடுக்கி. எலுமிச்சையும் எண்ணெயும் மட்டும்.

மேடம்: இதைத்தான் தம்பி கேட்டேன்.

சர்வர்: அதுவரைக்கும் ஒரு டீ?

மேடம்: பால் இல்லாமல்.

சர்வர்: பாலே கிடையாது மேடம். நாங்கள் பவுடர்தான் போடுகிறோம்.