எந்த மாரியப்பன்?

(சேலம் செவ்வாய்ப்பேட்டை. சாயங்காலம். செல்வி அக்காவின் தட்டுவடை செட் கடை. கொலுசுப் பட்டறை மாரியப்பன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.)

செல்வி: போன் அந்தக் கத்து கத்துகிறது, எடுக்க மாட்டாயா தம்பி?

மாரியப்பன்: எடுத்தால் வம்பு அக்கா. ஒரு செட் போடுங்கள், காரம் தூக்கலாக.

செல்வி: கடன்காரனா?

மாரியப்பன்: கல்யாண வீட்டுக்காரர். போன வாரம் கூப்பிட்டு, “மாரியப்பன்தானே?” என்றார். ஆமாம் என்றேன்.

செல்வி: சேலத்தில் அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லலாமா? கோட்டை மாரியம்மனை வேண்டிப் பெற்ற பிள்ளையெல்லாம் மாரியப்பன்தான். என் போனிலேயே பதினோரு பேர். கேஸ் மாரியப்பன், பிளம்பர் மாரியப்பன், மேளம் மாரியப்பன், சீட்டு மாரியப்பன்...

மாரியப்பன்: நான் எப்படி இருக்கிறேன்?

செல்வி: பாக்கி மாரியப்பன்.

மாரியப்பன்: (இருமுகிறார்)

செல்வி: பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைப் பார். அதே பெயர்தான். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கவில்லையா?

மாரியப்பன்: தங்கம் அவருக்கு, வெள்ளி எனக்கு. நம் தொழில் அதுதானே.

செல்வி: வெள்ளியையும் அவரே டோக்கியோவில் வாங்கிவிட்டாரே.

மாரியப்பன்: சரி, வெண்கலமாவது...

செல்வி: 2024-ல் பாரிஸ். அதுவும் போச்சு. நீ கல்யாணக் கதையைச் சொல்.

மாரியப்பன்: “ஒரு செட் எவ்வளவு?” என்று கேட்டார். எடையைப் பொறுத்தது என்றேன். “எடை என்னங்க எடை, சத்தம்தான் முக்கியம், தெருமுனை வரைக்கும் கேட்கணும்” என்றார். அப்படியென்றால் முத்து நிறைய வைக்கணுங்க என்றேன். “முத்துவோ முருகனோ, யாரை வேண்டுமானாலும் வையுங்கள்” என்றார்.

செல்வி: அப்போதாவது உறைக்கவில்லையா?

மாரியப்பன்: செட்டுக்கு இரண்டு என்றேன். “இரண்டு போதாது, நான்காகக் கொண்டு வாங்க” என்றார். பெண்ணுக்குத் தங்கச்சி இருக்கும்போல என்று இரண்டு ஜோடி செய்தேன் அக்கா! மூன்று ராத்திரி ஊதி ஊதிப் பற்றவைத்தேன். இன்று விடியற்காலை மண்டபத்துக்குப் பெட்டியோடு போனால், பெண்ணின் அப்பா தவில் எங்கே என்கிறார்.

செல்வி: அடக் கடவுளே!

மாரியப்பன்: அதற்குள் ஐயர் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்துகிறார். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். வேறு வழி? நான்கு கொலுசையும் ஒன்றாகப் பிடித்துக் குலுக்கினேன்.

செல்வி: தெருமுனை வரைக்கும் கேட்டதா?

மாரியப்பன்: பந்தி வரைக்கும் கேட்டது. மாடு புகுந்துவிட்டது என்று பாதிப் பேர் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

செல்வி: (சிரிப்பை அடக்கி) அவர்தான் இப்போது கூப்பிடுகிறாரா?

மாரியப்பன்: கொடுத்த அட்வான்ஸ் இரண்டாயிரத்தைக் கேட்கிறார். அதெல்லாம் வெள்ளியாகி, கொலுசாகிவிட்டது. என் கவலை அதுகூட இல்லை அக்கா. கொலுசுக்காரன் நம்பரை மேளக்காரன் என்று அவருக்கு யார் கொடுத்தது?

செல்வி: கேட்டாயா?

மாரியப்பன்: கேட்டேன். ஏதோ தட்டுவடைக் கடை அக்காவாம். மேளம் மாரியப்பன் நம்பருக்குப் பதில் பாக்கி மாரியப்பன் நம்பரைக் கொடுத்துவிட்டார்களாம்.

(செல்வி தட்டில் இன்னும் இரண்டு தட்டுவடையை வைத்து, பீட்ரூட் துருவலைக் கை நிறைய அள்ளிப் போடுகிறார்.)

செல்வி: சாப்பிடு தம்பி. இந்த செட்டைக் கணக்கில் எழுதவில்லை.