எண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டாம்

பித்தப்பையை எடுத்தவர்கள் ஆயுசுக்கும் எண்ணெயைத் தொடக்கூடாது என்று சொல்வது சரியில்லை. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்துவைத்து, கொழுப்பு வரும்போது மொத்தமாகப் பீய்ச்சும். பை போனபின் பித்தநீர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு இட்லிக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் தொந்தரவு செய்யாது, கல்யாண வீட்டு பிரியாணி செய்யும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்களுக்கு, மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 4.5 கிராம் கொழுப்பு. வேளைக்கு ஒன்று போதும். தேங்காய்ச் சட்னி, முந்திரி, பாலாடை, முட்டை மஞ்சள் கருவையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்; பலர் விடுவது இதைத்தான். பொரித்ததைக் கடைசியில் சேர்த்துப் பாருங்கள்.

சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தால், பெருங்குடலுக்குள் மிகுதியாக இறங்கும், பித்தநீரில் உள்ள பித்த அமிலம் காரணமாக இருக்கலாம். ஓட்ஸ், வாழைப்பழம், இசப்கோல் (அரை டீஸ்பூனில் தொடங்கி, நிறையத் தண்ணீருடன்) உதவும். அடங்காவிட்டால் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் என்ற மருந்தை டாக்டர் தரக்கூடும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பித்தப்பையில் கல் இன்னும் இருப்பவர்கள் பட்டினி கிடந்து வேகமாக எடை குறைக்காதீர்கள், புதுக் கல் சேரும். கண் மஞ்சளாவது, வெளிறிய மலம், குளிர்காய்ச்சலோடு வலது மேல்வயிற்று வலி என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பை எடுத்தபின்னும், பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்தில் கல் இருக்கலாம்.