மாயக் கதைகளில் எல்லாம் ஏழுதானா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களின் வாட்சாப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "மாயாஜால நாவல் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏழு என்ற எண்ணையே வைக்கிறார்கள், அதில் ரகசிய சக்தி இருக்கிறது, நாலு நம்பர் லாட்டரியில் 7777 எடுங்கள்."

இது தவறு. ஏழு அடிக்கடி வருவது சரிதான். ஹாரி பாட்டரில் வில்லன் வால்டமோர்ட் தன் ஆன்மாவை ஏழாகப் பிரிக்க நினைப்பதே அந்த எண்ணுக்காகத்தான். நம் கன்னிமாரும் எழுவர்தானே! ஆனால் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் மந்திர எண் எட்டு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் டோல்கீன் ஒன்பது கறுப்புக் குதிரைவீரர்களுக்கு எதிராக ஒன்பது பேரை வேண்டுமென்றே அனுப்புகிறார்.

பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் நாவல்களில் மந்திர சக்தி தரும் உலோகங்கள் பதினாறு. நான்கு வகை, ஒவ்வொன்றிலும் நான்கு: உள்ளே வேலை செய்வதில் இழுப்பது ஒன்று, தள்ளுவது ஒன்று; வெளியே வேலை செய்வதிலும் அப்படியே, ஜோடி ஜோடியாக. ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், அங்கே வர வேண்டிய உலோகம் எதுவென்று வாசகரே தேட ஆரம்பித்துவிடுவார். எண் அங்கே கதைக்கு உழைக்கிறது, அதிர்ஷ்டத்துக்கு அல்ல.

அப்புறம் அந்த 7777. நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். முதல் பரிசுக்கு 7777-க்கு உள்ள அதே வாய்ப்புதான் 3812-க்கும்.