யானைக்குச் சின்னத் தோட்டா போதுமா?

கனடாவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் சிலர் இலையுதிர்காலத்தில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்கள். விடுமுறைக்குக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தாலும் அவர்கள் வாயில் துவக்குக் கதைதான். இந்த முறை பெரியப்பாவின் மகன் ஒரு போடு போட்டார்: "பெல் ஏழு மில்லிமீற்றராலேயே ஆயிரம் யானை விழுத்தினவர். பிறகு ஏன் .375, .416 எண்டு காசைக் கொட்டுறீங்கள்?" (அந்த எண்கள் பெரிய தோட்டாக்களின் விட்டம், அங்குலக் கணக்கில்.) எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே சொல்லி முடிக்க விடாததை இங்கே எழுதுகிறேன்.

பெல் என்ற பழைய யானை வேட்டைக்காரர் சுட்டது உண்மை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அதில் பெரும்பகுதி அந்த ஏழு மில்லிமீற்றர், அதாவது 7x57 மவுசர் தோட்டாவால்தான். ஆனால் எப்படிக் கொன்றார் என்பதை யாரும் சொல்வதில்லை. யானையின் மண்டையோட்டை நெடுக அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கோணத்தில் அதை எட்டலாம் என்று படித்த மனிதர் அவர். யானையின் முன்தலை முழுக்கத் தேன்கூடு போன்ற எலும்பு. மூளையோ அதற்குப் பின்னால், காதுத் துளைகளுக்கு இடையில், தாழ்வாக இருக்கிறது. கொஞ்சம் மேலே பட்டால் சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் குண்டு, வெற்று எலும்புக்குள் போய் நின்றுவிடும்.

அவருடைய சன்னத்தையும் பாருங்கள். நுனிவரை கெட்டியான உலோக உறை போர்த்த, 11 கிராம் அளவான, நீளமான சன்னம். எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால் .375 எச் அண்ட் எச் தோட்டாவின் 19 கிராம் சன்னத்துக்குக் கிடைக்கும் அதே அளவுதான் இதற்கும் வரும். துளைத்துக்கொண்டு உள்ளே போவதில் அது சின்னத் தோட்டாவே அல்ல. அதே 7x57 இல் மானுக்குச் சுடும், பட்டதும் விரிந்துவிடும் மெதுநுனிச் சன்னத்தைப் போட்டு யானையின் தலையில் சுட்டிருந்தால் பெல்லின் கதையை இன்று சொல்ல ஆளிருந்திருக்காது.

சரி, துளைப்பதில் இரண்டும் ஒன்றுதான் என்றால் .375 எதற்கு? குறி பிசகும்போது தேவைப்படுகிறது. 1912 இல் வந்த அந்தத் தோட்டா குழலை விட்டுப் புறப்படும்போது சுமார் 5,700 ஜூல் சக்தியோடு போகிறது. பெல்லின் 7x57 இல் அதன் பாதிகூட இல்லை. காயம்பட்ட கேப் எருமை புதருக்குள் காத்திருந்து பாயும்போது மூளையை அளந்து சுட எவருக்கும் நேரமிருக்காது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் யானைக்கும் எருமைக்கும் .375 அல்லது அதை ஒட்டிய கலிபரை (குழல் விட்டத்தை) சட்டமே குறைந்தபட்சம் ஆக்கியிருப்பது இதனால்தான்.

அதற்காக எல்லோரும் அதைவிடப் பெரிய .458 வாங்கச் சொல்லவில்லை. துவக்கின் பின்னுதைக்குப் பயந்து விசை இழுக்கும்போது கண்ணை மூடுகிறவர் கையில் அது, அதைவிடச் சிறிய .30-06 ஐவிட மோசம். மூஸுக்கு .30-06 தாராளம். சுவீடனில் 1894 இன் 6.5x55 தோட்டாவால் இன்றும் மூஸ் சுடுகிறார்கள். அந்த நாட்டுச் சட்டம் கலிபரைக் கேட்காமல், 9 கிராம் சன்னம் என்றால் 100 மீற்றரில் 2,700 ஜூல் மிஞ்ச வேண்டும் என்று கேட்கிறது. எனக்குப் பிடித்த சட்டம் அது. சன்னம் போய்ச் சேரும் இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதுதானே விலங்குக்கு முக்கியம்? நடுவில் தடுப்பு வைத்து, முழுக்கச் சிதறாதபடி செய்த நோஸ்லர் பார்ட்டிஷன் சன்னம் 1948 இல் விற்பனைக்கு வந்ததும், சேறு அப்பிய மூஸின் உடம்பில் பட்ட சன்னங்கள் உள்ளே போகாமல் மேலேயே சிதறிய அனுபவத்தால்தான்.

கொழும்பில் உட்கார்ந்துகொண்டு இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். 'சின்னத் தோட்டா போதும்' என்பதன் விளைவு நம் நாட்டுக் காடுகளில் நடமாடுகிறது. வயல் காக்க வைத்திருக்கும் 12 போர் துவக்கால், பல உருண்டைகளை ஒன்றாகச் சிதறவிடும் துவக்கால், யானையைச் சுடுகிறார்கள். அதில் போடும் எஸ்.ஜி. என்ற பெரிய உருண்டைத் தோட்டாவில் இருப்பவை ஒவ்வொன்றும் நாலு கிராம்கூட இல்லாத ஈய உருண்டைகள். பறக்கப் பறக்க வேகம் இழக்கும். யானைத் தோலோ சில இடங்களில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பு. உருண்டை தோலைத் தாண்டித் தசையில் தங்கும், மூட்டில் தங்கும், கண்ணில் படும். யானை அங்கே விழாது. சீழ் பிடித்து, ஒரு காலை ஊன்ற முடியாமல், குளக்கரையில் வாரக்கணக்கில் நின்று சாகும். வனவிலங்கு மருத்துவர்கள் பழைய குண்டுகளை உடம்பில் சுமக்கும் யானைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

ஒரு போக நெல்லை ஓர் இரவில் இழந்த விவசாயியை நான் திட்டமாட்டேன். யானையை விரட்டும் யானை வெடி கைக்கு வராத ஊரில், மின்வேலி பழுதாகிக் கிடக்கும் ஊரில், அவர் பயத்தில் எடுப்பது வீட்டில் இருக்கும் துவக்கைத்தான். எனக்குக் கோபம், வாயிற் கதவில் காவலாளி நிற்கும் வீட்டுக்குள் இருந்துகொண்டு "பெல் செய்தார்தானே" என்று அந்தச் சூட்டுக்கு நியாயம் சேர்ப்பவர்கள் மேல். அந்த 12 போர் யானையை அந்த இடத்திலேயே கொல்வதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. வலியில் வெறி பிடித்த யானை அடுத்த கிழமை அதே ஊருக்குள் வரும்போது முன்னால் அகப்படுவது, விடியற்காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் யாரோ ஒருவர்.